கரி போகும் வழியைப் பார்த்துக் கட்டிய கோபுரம்

மாதிரி ரயில் லேஅவுட்டில் ஒரு வீட்டையோ கடையையோ கண்மதிப்பில் கட்டிவிடலாம். ஜன்னல் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நீராவி இஞ்சினுக்குக் கரி போடுகிற கோபுரத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதன் உயரம், அகலம், சரிவு எல்லாவற்றையும் பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நிற்கும் டெண்டர்தான், அதாவது இஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிதான், தீர்மானிக்கிறது. பார்வைக்குக் கட்டடம், செய்கிற வேலையில் இயந்திரம்: கரியை மேலே தூக்கி, அங்கே சேர்த்து வைத்து, வேண்டியபோது கீழே விடுகிறது. அந்தக் கண்ணோடு வரைபடத்தில் உட்கார்ந்ததால் பாதிக் கேள்விகளுக்கு எனக்குத் தானாகவே விடை கிடைத்தது. அந்தக் கணக்கையும், மரமும் ப்ளாஸ்டிக்கும் வெட்டி அதைக் கட்டிய விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

என் லேஅவுட் எச்.ஓ. அளவு, அதாவது 1:87. நிஜத்தின் ஓர் அடி இங்கே 3.5 மி.மீ. கற்பனையான ஒரு கிளைப்பாதையின் கடைசி நிலையம், அதில் நான்கு நீராவி இஞ்சின்கள் வந்து தங்கும் சிறிய ஷெட். கடையில் கிடைக்கும் கிட்களில், அதாவது பாகங்களாக வாங்கி நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டிகளில், பெரும்பாலானவை முக்கியப் பாதைக்கான பெரிய கான்கிரீட் கோபுரங்கள். நான்கு இஞ்சினுக்கு அவ்வளவு பெரிய கோபுரத்தை எந்த ரயில்வே கணக்காளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதோடு, என்னிடம் இருந்த இடம் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டுமே. அந்தப் பட்டைக்கு ஏற்ற மரக் கோபுரம் ஒன்றை முதலிலிருந்து நானே கட்டுவது என்று முடிவு செய்தேன்.

நிஜக் கோபுரத்தில் கரி எப்படிப் பயணிக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஹாப்பர் வேகன் ஒரு தண்டவாளத்தில் வந்து நிற்கும். அதன் அடிக்கதவைத் திறந்தால் தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள இரும்பு அழிகள் வழியாகக் கரி கீழே குழியில் விழும். குழியிலிருந்து ஒரு வாளி, கப்பியும் கயிறும் இழுக்க, கோபுரத்தின் உச்சிக்கு ஏறித் தொட்டிக்குள் கவிழும். தொட்டியின் சாய்ந்த தரை கரியை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு வரும். அங்கே ஒரு கதவு, கதவுக்கு வெளியே கீல் வைத்த சரிவுத் தகடு. இஞ்சின் வந்து நின்றதும் தகட்டைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தால் மீதி வேலையை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். தூக்குவதற்கு மட்டும்தான் மோட்டாரோ, சிறிய எண்ணெய் இஞ்சினோ தேவை.

இந்த வழியில் எங்கே உட்கார்ந்து அளக்கத் தொடங்குவது என்பதுதான் முக்கியம். பலர் தரையிலிருந்து மேலே போகிறார்கள். நான் டெண்டரிலிருந்து பின்னோக்கிப் போனேன்.

என்னிடம் உள்ள டெண்டர்களில் உயரமானதை அளந்தால் தண்டவாளத் தலையிலிருந்து 45 மி.மீ. அதன் மேல் குவியும் கரிக்கும் இடம் விட்டு, சரிவுத் தகட்டின் நுனி 49 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நிஜ அளவில் 14 அடி. இரண்டு தண்டவாளங்களின் நடுக்கோடுகளுக்கும் இடையே 130 மி.மீ. கோபுரம் நட்ட நடுவில் நின்றால் அதன் மையத்திலிருந்து இஞ்சின் பாதையின் நடுக்கோடு 65 மி.மீ. தொட்டியின் அரை அகலம் 24.5 மி.மீ. தகட்டின் நுனி நடுக்கோட்டைத் தொட வேண்டியதில்லை, 10 மி.மீ. முன்பே நின்றாலும் கரி டெண்டருக்குள்தான் விழும். கழித்துப் பார்த்தால் தகடு குறுக்கே கடக்க வேண்டிய தூரம் சுமார் 30 மி.மீ. கரி தங்காமல் வழுக்கி இறங்க 45 டிகிரி சரிவு வைத்தால் அதே 30 மி.மீ. கீழே இறங்கும். 49-உம் 30-உம் சேர்ந்து 79. ஆகவே தொட்டியின் வாய் தண்டவாளத் தலையிலிருந்து ஏறக்குறைய 80 மி.மீ. உயரத்தில் இருந்தாக வேண்டும். கால்களின் உயரம் இப்படித்தான் வந்தது. அழகுக்காக நான் தேர்ந்தெடுத்த எண் அல்ல அது.

அகலமும் அப்படியே. இரண்டு பக்கமும் தண்டவாள நடுக்கோட்டிலிருந்து எட்டரை அடி, அதாவது சுமார் 30 மி.மீ., எதுவும் நீட்டாமல் காலியாக விட்டேன். 130-இல் 60 போக, அடித்தளத்துக்கு 70 மி.மீ. கிடைத்தது, நிஜத்தில் 20 அடி. மேலே தொட்டி 14 அடி. ஆகவே வெளிக்கால்கள் இரு பக்கமும் மூன்று மூன்று அடி உள்ளே சாய்ந்து ஏறுகின்றன. மரக் கோபுரங்களின் படங்களில் அந்தச் சாய்வைப் பார்த்திருப்பீர்கள். என் பாதை அந்த இடத்தில் நேராக இருப்பதால் இவ்வளவு போதும். வளைவில் கட்டுகிறவர்கள் தங்களிடம் உள்ள மிக நீளமான இஞ்சினை மெதுவாக உருட்டி, அதன் மூக்கும் நடுவயிறும் எவ்வளவு தூரம் வெளியே வருகின்றன என்று குறித்துக்கொண்டு பிறகு அளக்க வேண்டும்.

அடுத்து தொட்டியின் கொள்ளளவு. இந்தக் கணக்கைப் போடாமல் கட்டுகிறவர்கள்தான் அதிகம். போட்டுப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். கொட்டிக் கிடக்கும் நிலக்கரி ஒரு கன அடிக்குச் சுமார் 50 பவுண்டு எடை. 2000 பவுண்டு கொண்ட அமெரிக்க டன்னில் 50 டன் வேண்டுமென்றால் 2000 கன அடி. ஒரு நடுத்தர டெண்டர் 16 டன் வரை கொள்ளும் என்பதால் 50 டன் என்பது மூன்று முழு டெண்டர்கள். நான்கு இஞ்சின் உள்ள கிளைப்பாதைக்கு அது தாராளம். தொட்டியின் தளம் 14 அடிக்கு 16 அடி. தரை 45 டிகிரி சாய்ந்தால் 14 அடி அகலத்தைக் கடப்பதற்குள் அது 14 அடி ஏறிவிடும். அந்த ஆப்பு வடிவப் பகுதி கொள்வது 1568 கன அடி. அதற்கு மேல் இன்னும் இரண்டு அடிச் சுவர் வைத்தால் 448 கன அடி. மொத்தம் 2016. கணக்கு நேர்.

சாய்வுத் தரையால் எவ்வளவு இடம் வீணாகிறது பார்த்தீர்களா? அதே 16 அடி உயரத் தொட்டியின் தரை மட்டமாக இருந்தால் கிட்டத்தட்ட 90 டன் கொள்ளும். ஆனால் அப்போது மண்வெட்டி கொண்டு உள்ளே இறங்க ஓர் ஆள் வேண்டும். இந்தச் சாய்வு வெளியே தெரியாது என்று நினைக்கலாம். தெரியும். பக்கச் சுவரில் தரையைத் தாங்கும் உத்தரத்தின் போல்ட் தலைகள் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோணலாக வரிசை பிடித்து ஏறும். அந்த ஒரு வரிசையை வைத்துவிட்டால், விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு உள்ளே இருப்பது முழுவதும் விளங்கிவிடும்.

நிஜக் கட்டடங்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாமா ஊரில், கும்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் குறும்பாதை (நேரோ கேஜ்) ரயில்வேயின் யார்டில் மரத்தாலான கரிக் கோபுரம், மணல் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி மூன்றும் இன்றும் நிற்கின்றன. பயணிகள் எடுத்த படங்கள் ஏராளம். அதே நாட்டில் 1969-இல் தொடங்கப்பட்ட வரலாற்றுப் பொறியியல் ஆவணத் திட்டத்தின் அளவு வரைபடங்களும் புகைப்படங்களும் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரயில்வே, தொட்டி, கொட்டகை என்று தேடிக்கொண்டே போனால் ஒரு மாலைப்பொழுது போவது தெரியாது. ஒரே ஒரு கட்டடத்தை அப்படியே நகலெடுக்கிற ஆசை எனக்கு இல்லை. மூட்டுகள் எப்படி, போல்ட் எங்கே, ஏணி எந்தப் பக்கம் என்பதற்காகத்தான் படங்களைப் பார்த்தேன்.

வரைந்த பிறகு மரத்தில் கை வைக்கவில்லை. பழைய அட்டைப் பெட்டியை வெட்டி, ஒட்டுநாடா போட்டு, ஒரு மணி நேரத்தில் வெற்று உருவம் ஒன்றைச் செய்து இடத்தில் வைத்தேன். கோபுரத்தின் மொத்த உயரம், உச்சியில் இருக்கும் கப்பி அறையையும் சேர்த்து, 48 அடி. மாதிரியில் 168 மி.மீ. காகிதத்தில் அது வெறும் எண். லேஅவுட்டில் வைத்தால் பின்னால் உள்ள ஸ்விட்சை மறைக்கிறதா, தடம் புரண்ட வண்டியை எடுக்கக் கை உள்ளே போகுமா, பின்னணி ஓவியத்தில் உள்ள மலையைவிட உயர்ந்து நிற்கிறதா என்பதெல்லாம் உடனே தெரியும். அட்டை உருவத்தைச் சில நாள் அங்கேயே விட்டுவிட்டு வழக்கம்போல வண்டி ஓட்டுங்கள். கை எங்கே இடிக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது.

இனி மரம். பாஸ்வுட் குச்சிகள்தான் என் தேர்வு. பால்சா மென்மையானது, வெட்ட எளிது, ஆனால் அதன் நார் பெரிது. அழுத்தினால் நசுங்கும், மூலைகள் கூர்மையாக நிற்காது. 12 அங்குலச் சதுரத் தூணுக்கு 3.5 மி.மீ. குச்சி, 8 அங்குலத்துக்கு 2.3 மி.மீ. குறுக்குச் சட்டங்களுக்கும் பலகைகளுக்கும் அரை மி.மீ.-க்குச் சற்று மேற்பட்ட தடிமன் போதும். கடையில் உள்ள தடிமன் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் மெலிந்ததையே எடுங்கள். தடித்த பலகையைக் கண் உடனே பொம்மை என்று கண்டுபிடித்துவிடும்.

சாயம் போட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. வெள்ளைப் பசை பட்ட இடத்தில் சாயம் ஊறாது. மூட்டுக்கு மூட்டு வெளிறிய திட்டுகள் தெரியும். அரை லிட்டர் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு தேக்கரண்டி இந்தியன் இங்க் கலந்தால் வெயிலில் காய்ந்த மரத்தின் சாம்பல் நிறம் வரும். குச்சிகளைக் கட்டாக அதில் முக்கி எடுத்துக் காய வைக்கலாம். சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை இரண்டு மூன்று முறை முக்கினால் பலகைக்குப் பலகை நிறம் மாறும். ஒரே சீரான நிறத்தில் நிஜ மரச்சுவர் எதையும் நான் பார்த்ததில்லை. அகலமான பலகைகளை இரு பக்கமும் நனைத்து, மேலே பாரம் வைத்துக் காய வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளைந்துவிடும்.

சாயத்துக்கு முன் கம்பி பிரஷால் நீளவாக்கில் ஓர் இழுப்பு இழுத்து நார் கிளப்புவது வழக்கம். இதைப் பலர் அளவுக்கு மீறிச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. 1:87-இல் மரத்தின் நார் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியக் கூடாது. ஆழமாகக் கீறிய பலகை, நிஜ அளவில் விரல் நுழையும் விரிசல் உள்ள பலகை ஆகிவிடும். ஆணித் துளைகளும் அதே கதைதான். அரை அங்குல ஆணித் தலை இங்கே 0.15 மி.மீ.கூட முழுதாக வராது. ஊசியால் குத்தினால் விழும் துளை அதைப்போல மூன்று மடங்கு. நான் ஆணித் துளை போடவே இல்லை. போல்ட் தலையும் வாஷரும் வேறு விஷயம். நான்கைந்து அங்குல வாஷர் ஒரு மி.மீ.-க்கு மேல் வரும், அது தெரிய வேண்டும்.

கால்கள் நான்கு சட்டகங்களாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் அடியில் ஓர் உத்தரம், மேலே ஓர் உத்தரம், நடுவே நான்கு தூண், இரு முகத்திலும் பெருக்கல் குறிபோலக் குறுக்குச் சட்டம். நான்கும் ஒரே அச்சில் வராவிட்டால் மேலே வைக்கும் தொட்டி ஆடும். அதற்கு ஒரு ஜிக் செய்தேன். மாதிரி அளவிலேயே அச்சிட்ட வரைபடத்தை ஒரு பலகையில் ஒட்டி, மேலே மெழுகுத்தாள் விரித்து, தூண்கள் வந்து உட்காரும் இடங்களில் சிறு மரத்துண்டுகளைத் தடுப்பாக ஒட்டினேன். பிறகு குச்சியைத் தடுப்புக்குள் வைப்பது, பசை தொடுவது, மேலே பாரம் வைப்பது என்று வேலை ஓடிவிடும். தூண்களை வெட்டவும் அப்படித்தான்: ஒவ்வொன்றாக அளக்காமல், ப்ளேடுக்கு எதிரே ஒரு தடுப்பு வைத்து அத்தனையையும் ஒரே நீளத்தில் வெட்டுவது. சாய்ந்த வெளித்தூண்களின் இரு முனையும் கோணலாக வெட்டப்பட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முனையில் ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் பசை அதை நிரப்பிப் பளபளக்கும். உப்புத்தாள் ஒட்டிய கட்டையால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் சரியாகிவிடும்.

சட்டகங்களை நிறுத்தும்போது இரண்டு மூலைமட்டங்களும் ஒரு கண்ணாடித் துண்டும் கைகொடுத்தன. கண்ணாடி மட்டமானது, பசை சொட்டினாலும் ப்ளேடால் சுரண்டிவிடலாம். முதல் இரண்டு சட்டகங்களை நேராக நிறுத்திக் குறுக்குச் சட்டம் போட்டு உறுதியான பிறகு மற்றவற்றைச் சேர்த்தேன்.

தொட்டிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டுச் சுவரில் சட்டம் உள்ளே, பலகை வெளியே இருக்கும். கரித்தொட்டியில் தலைகீழ். கரி உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. பலகைகள் தூண்களுக்கு வெளியே இருந்தால் அந்தத் தள்ளல் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஆகவே பலகைகள் உள்ளே, தூண்கள் வெளியே. தள்ளத் தள்ளப் பலகை தூணில் இன்னும் இறுகும். மாதிரியில் இதனால் ஒரு பெரிய லாபம்: தூண்கள் வெளியே தெரிவதால் வெளிச்சமும் நிழலும் விழுந்து சுவருக்கு ஆழம் கிடைக்கிறது. நான் ஒரு மி.மீ. ஸ்டைரீன் ப்ளாஸ்டிக் தகட்டில் பெட்டி ஒன்று செய்து, அதற்குக் கறுப்புப் பூசி, மேலே பலகைகளை ஒட்டி, அவற்றின் மேல் தூண்களை ஒட்டினேன். உள்ளே உறுதியான பெட்டி இருப்பதால் மழைக்காலத்திலும் கோணாது. பலகைகளின் முனைகள் எப்போதும் தூணுக்கு அடியில்தான் சந்திக்க வேண்டும். நடுவெளியில் இரண்டு பலகை முட்டிக்கொண்டு நின்றால் அவற்றை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற கேள்வி வரும்.

எதிரெதிர்ச் சுவர்களைச் சேர்த்துப் பிடிக்க இரும்புக் கம்பிகள் தொட்டிக்குக் குறுக்கே ஓடும். வெளியே தெரிவது அவற்றின் நட்டும் பெரிய வாஷரும் மட்டும்தான். இவற்றைச் சம இடைவெளியில் வைக்கக் கூடாது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. கீழே நெருக்கமாகவும் மேலே போகப் போக விலகியும் இருக்கும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய இரும்பு வளையங்களிலும் அதே ஒழுங்கைப் பார்க்கலாம். ப்ளாஸ்டிக்கில் வார்த்த நட்-வாஷர்கள் கடையில் கிடைக்கின்றன. அரை மி.மீ. துளையிட்டு, பின்பக்கக் காம்பைச் செருகி, ஒரு சொட்டுப் பசை. கண்ணில் பெரிதுபடுத்தும் கண்ணாடி, கையில் நுனி மெலிந்த இடுக்கி, தரையில் வெள்ளைத் துணி: கீழே விழுந்ததைத் தேடுவதற்கு.

சரிவுத் தகட்டைக் கால் மி.மீ. ஸ்டைரீனில் செய்தேன். விரித்த வடிவத்தை வெட்டி, மடிக்க வேண்டிய கோட்டில் கத்தி முதுகால் பாதி ஆழம் கீறி, மடித்து, உள்மூலையில் கரைப்பான் பசை விட்டால் போதும். இரண்டு பக்கச் சுவர் உள்ள திறந்த கால்வாய், நுனியில் சற்றே குறுகியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எதிர் எடைகள், கப்பி வழியாகச் சங்கிலி. அங்குலத்துக்கு 40 கண்ணி கொண்ட மாதிரிச் சங்கிலியை ரசாயனத்தில் கறுக்க வைத்துப் பயன்படுத்தினேன். பெயின்ட் அடித்தால் கண்ணிகள் ஒட்டிக்கொண்டு கம்பியாகிவிடும். கீலில் ஒரு பித்தளைக் கம்பி இறுக்கமாக ஓடுகிறது, ஆகவே தகட்டை ஏற்றினால் ஏறியபடி நிற்கும், இறக்கினால் இறங்கியபடி நிற்கும். மோட்டார் வைத்து இயக்கலாமே என்று கேட்டார்கள். இந்த அளவில் மோட்டாரின் வேகம்தான் காட்டிக்கொடுக்கும். விரலால் இறக்குவதே எனக்குத் திருப்தி.

எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் கரிக்குழி. குழியை நிஜமாகத் தோண்ட வேண்டியதில்லை. அழிகளுக்குக் கீழே கறுப்பாக இருந்தால் கண் மீதியை நம்பிவிடும். ஆனால் அழிகளை உலோகத்தில் செய்யாதீர்கள். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் ஓடுகிறது. பித்தளை வலை ஒன்று நகர்ந்து இரண்டையும் தொட்டால் லேஅவுட் முழுவதும் நின்றுவிடும். ஸ்டைரீன் பட்டைகள் போதும். மேற்பரப்பு தண்டவாளத் தலைக்குக் கீழேயே இருக்க வேண்டும். சக்கர விளிம்பு ஓடும் இடைவெளியை 1935-இல் தொடங்கிய என்.எம்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க மாதிரி ரயில் அமைப்பின் அளவுத் தகட்டைக் கொண்டு சரிபாருங்கள். அதே அளவுத் தகட்டின் ஓரத்தை வைத்துப் பக்கவாட்டு இடைவெளியையும் சோதிக்கலாம். வண்டிகளை இணைக்கும் கப்ளருக்குக் கீழே தொங்கும் மெல்லிய கம்பியை மறக்க வேண்டாம். அழிகளில் முதலில் மாட்டுவது அதுதான்.

வாளி ஏறும் வழித்தடத்தையும் கப்பி அறையையும் விரைவாகவே முடித்தேன். கயிறுக்குப் பருத்தி நூல் வேண்டாம், பிசிறு தெரியும். ரப்பர்போல நீளும் மெல்லிய நூல் கை பட்டாலும் அறுவதில்லை. கப்பி அறைக்கு இரண்டு பக்கச் சரிவுக் கூரை. கைமரங்களின் நுனி இறவாணத்தில் தெரியும்படி விட்டேன். ஏணி தரையிலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாகப் போகாமல் நடுவில் ஒரு மேடையில் நின்று திரும்புகிறது. மேடையில் இரண்டு தண்ணீர்ப் பீப்பாய்கள். குவித்து வைத்த நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது, சுற்றிலும் மரம், கீழே நெருப்போடு நிற்கும் இஞ்சின். பீப்பாய் இல்லாத மரக் கோபுரத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோபுரத்தின் காலடியில் ஒரு சிறிய மணல் கொட்டகை. சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் தூவ இஞ்சினுக்கு மணல் வேண்டும், அதுவும் ஈரம் துளி இல்லாத மணல். ஈரமணல் வெளியே திறந்த தொட்டியில் கிடக்கும். உள்ளே அடுப்பு, அடுப்பைச் சுற்றி ஒரு கூடு. கூட்டில் கொட்டிய மணல் காயக் காயத் தானே கீழே உதிரும். அதைச் சலித்து, அழுத்தக் காற்றால் குழாய் வழியே மேலே உள்ள பெட்டிக்கு ஏற்றுவார்கள். அங்கிருந்து குழாயில் இஞ்சின் முதுகில் உள்ள மணல் குமிழுக்கு இறங்கும். ஆகவே கொட்டகைக்குப் புகைபோக்கி கட்டாயம். ஈரமணல் தொட்டிக்குக் கூரை தேவையில்லை. மேலே உள்ள உலர்மணல் பெட்டிக்கு மூடி கட்டாயம். கிட்களில்கூட இந்த மூன்றில் ஏதாவது ஒன்று விட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அழுக்கேற்றுவதிலும் இயந்திரத்தின் வழியைத்தான் பின்பற்றினேன். கரித்தூள் எங்கே பறக்கும்? தொட்டியின் வாயைச் சுற்றி, சரிவுத் தகட்டுக்கு நேர் கீழே, குழியின் ஓரத்தில், வாளி கவிழும் உச்சியில். தகட்டின் உட்புறம் மட்டும் கறுப்பு இல்லை. கரி உரசி உரசி அங்கே இரும்பு மெருகேறி மின்னும். மென்பென்சிலின் கரியை விரலால் தேய்த்தால் அந்த மினுக்கு அப்படியே வரும். இஞ்சின் புகை வேறு கணக்கு. டெண்டர் தகட்டுக்கு நேராக நிற்கும்போது புகைபோக்கி ஓர் இஞ்சின் நீளம் முன்னால் நிற்கிறது. கரிக் கோபுரம் என்பதற்காக மேலிருந்து கீழ்வரை புகைக் கறுப்பு அடிப்பதில் அர்த்தமில்லை. கடந்து போகிற புகை தொட்டியின் இஞ்சின் பக்கச் சுவரில் மட்டும் மெல்லப் படியும். வாஷர்களுக்குக் கீழே துருக் கோடு இறங்கும். இவற்றுக்கெல்லாம் உலர்ந்த வண்ணப் பொடியும் மெல்லிய பிரஷும் போதும். பொடியின் மேல் மேட் ஸ்ப்ரே அடித்தால் பாதி நிறம் காணாமல் போகும், அதை எதிர்பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும்.

கரிக்கு நிஜ நிலக்கரியே. பையில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, வடிகட்டியில் சலித்தேன். ஒரு மி.மீ. துண்டு நிஜத்தில் மூன்றரை அங்குலக் கட்டி. டெண்டருக்கு அது சரி. தரையில் சிந்தியதற்கு இன்னும் பொடியானது. முதலில் ஆல்கஹால் தெளித்து நனைத்து, பிறகு நீர்த்த பசையைச் சொட்டு சொட்டாக விட்டால் துண்டுகள் மிதந்து ஓடாது. மண், மணல், சாம்பல் எதைத் தூவுவதானாலும் முதலில் ஒரு காந்தத்தை அதில் துழாவி எடுங்கள். ஒட்டிக்கொண்டு வரும் இரும்புத் துகள்களைப் பார்த்தால் இஞ்சின் மோட்டாருக்குள் அவை போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று புரியும்.

சரிவுத் தகட்டின் மேலே குடைவிளக்கு ஒன்று. 12 வோல்ட்டில் எல்.இ.டி.-க்கு ஆயிரம் ஓம் மின்தடை போடுவது வழக்கம். சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும், அது இந்த அளவுக்குக் கண் கூசும். 4700 ஓம் போட்டேன். இரண்டு மில்லி ஆம்பியரில் மங்கலான மஞ்சள் ஒளி, அந்தக் காலத்து விளக்குக்கு அதுவே அதிகம். ஒயர் ஒரு மூலைத்தூணின் உட்பக்கமாக இறங்கி, அடியில் ஒரு சிறிய ப்ளக்கில் முடிகிறது. கோபுரம் லேஅவுட்டில் ஒட்டப்படவில்லை. இரண்டு பித்தளை ஊசிகள் துளைகளில் செருகி நிற்கின்றன. தண்டவாளம் துடைக்க வேண்டிய நாளில் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். அடித்தளத்தின் விளிம்பைச் சிந்திய கரி மூடியிருப்பதால் பிரியும் கோடு தெரிவதில்லை.

கடைசியாகத் தண்ணீர்க் குழாய். டெண்டரில் கரி முன்பக்கம், தண்ணீர் ஊற்றும் வாய் பின்பக்கம். குழாயை அதற்கேற்பத் தள்ளி நட்டால் இஞ்சின் ஒரே நிறுத்தத்தில் இரண்டையும் எடுத்துக்கொள்ளும், ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியதில்லை. என் நான்கு டெண்டர்களிலும் கரிக்கூட்டின் நடுவிலிருந்து தண்ணீர் வாய்க்கு உள்ள தூரம் ஒன்றுபோல இல்லை. அதிகம் ஓடும் இரண்டுக்கும் நடுவான தூரத்தில் குழாயை நட்டேன். குழாயின் கை சுழலும் என்பதால் சில மி.மீ. வித்தியாசத்தை அது சமாளித்துக்கொள்கிறது. மிக நீளமான நான்காவது டெண்டர் மட்டும் இரண்டு முறை நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இஞ்சினின் நேர அட்டவணையில் அதற்காக இரண்டு நிமிடம் கூட்டி எழுதியிருக்கிறேன்.